இலையைக் கிள்ளச் சொன்ன பலகை

எனக்குச் சட்டென்று கோபம் வராது என்று கோயம்புத்தூரில் என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கடலூர் மாவட்டத்தில் என்னை மூன்று நாள் பார்த்தவர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். காப்புக் காடுகளில் நடைபாதை ஓரம் விளக்கப் பலகைகள் நிற்குமே, அவற்றை எழுதி, படம் வரைந்து கொடுப்பது என் வேலை. இது என்ன மரம், இந்தப் புற்றுக்குள் யார் குடியிருக்கிறார்கள், இந்தத் தடம் யாருடையது என்று சொல்லும் பலகைகள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட யாரும் ஒரு பலகை முன்னால் நிற்க மாட்டார்கள். அதற்குள் அவர்களை நிமிர்ந்து மரத்தைப் பார்க்க வைக்க வேண்டும். பலகையை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிட்டால் நான் தோற்றேன் என்று அர்த்தம்.

இந்த மாவட்டத்தில் எனக்கு இரண்டு இடங்கள். ஒன்று, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த ஒரு புதர்க்காடு. இன்னொன்று, சிதம்பரத்துக்குக் கிழக்கே ஓர் உப்பங்கழி ஓரச் சதுப்புக்காடு. சுற்றுலாக் கூட்டம் போகும் பெரிய படகுத்துறை இல்லை, பேர் தெரியாத சின்னக் கழி. இரண்டுக்கும் ஏழு ஏழாகப் பதினான்கு பலகைகள். பல மாதம் நடந்து, பார்த்து, ஊர்க்காரர்களிடம் கேட்டு வரைந்து அனுப்பியிருந்தேன். அச்சடித்து மாட்டும் பொறுப்பு செல்வகுமார் என்கிற கான்ட்ராக்டருடையது.

அவர் போன் செய்தார். "புதர்க்காட்டுல மாட்டியாச்சு மேடம். கழில இன்னிக்கு முடிஞ்சிடும். நாளன்னிக்குத் திறப்பு விழா. வந்துடுங்க."

அவர் பேசும்போது நான் கடலூரில்தான் நின்றுகொண்டிருந்தேன். விழாத் தேதி எனக்கு முன்பே தெரியும்; அதற்கு முன்னால் என் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே வந்து இறங்கியிருந்தேன். காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர் வெயிலில் காற்று கலந்திருக்கும். இங்கே வெயிலில் கடல் கலந்திருக்கிறது. சட்டை உடம்பை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறது. இட்லிக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டார் ஓட்டல்காரர். ஊற்றச் சொன்னேன். அந்த மூன்று நாட்களில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த நான்கு இட்லிதான்.

குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். "மச்சான், பந்தில எனக்கு அப்பளம் வைக்கல." "யோவ் மாமா, நீ லேட்டா வந்த." "லேட்டா வந்தா மாமன் இல்லனு ஆயிடுமா?" சிரித்துக்கொண்டே இறங்கினேன். அதுதான் கடைசிச் சிரிப்பு.

ஊரில் ஆட்டோ பிடித்துக் காட்டின் பேரைச் சொன்னால் ஓட்டுநருக்குத் தெரியவில்லை. "காடா? இங்க ஏதுங்க காடு? முந்திரித் தோப்புதான் இருக்கு." வழி சொல்லி நானே கூட்டிக்கொண்டு போனேன். பத்து வருடமாக அந்த வழியில் ஓட்டுகிறாராம். அவர்மேல் தப்பில்லை. அதற்குத்தானே பலகை வைக்கிறோம்.

வாசலில் காவலர் நின்றுகொண்டிருந்தார். முதல் பலகை அவருக்குப் பின்னால். நான் வரைந்த மயில் இல்லை. அந்த இடத்தில் கும்பிட்டபடி நான்கு பெரிய மனிதர்களின் முகங்கள். தலைப்பு "இயற்கையைப் போற்றுவோம்". என் தலைப்பு அதுவல்ல. என் எழுத்து மட்டும் கீழே பொடி எழுத்தில் கிடந்தது. சுருக்கமாகச் சொன்னால், மயிலை எடுத்துவிட்டு மயிலைப் பற்றி எழுதியதை விட்டிருந்தார்கள். இன்னும் கீழே, "எழுத்தும் ஓவியமும்" என்று போட்டு என் முழுப்பெயர். ஓவியமே இல்லாத பலகைக்கு நான் ஓவியர்.

இரண்டாவது பலகை இன்னும் மோசம். நடைபாதையில் செம்மண் புழுதி பறக்கிறது, பலகை சொல்கிறது: "காலடியில் பாருங்கள். சேற்றில் தெரியும் ஒவ்வொரு துளையும் ஒரு நண்டின் வீட்டு வாசல்."

"வர்றவுங்கள்லாம் நண்டு எங்கனு கேக்குறாங்க மேடம்," என்றார் காவலர் பாவமாக. "நான் எங்க போறது நண்டுக்கு?"

கழிக்கு எழுதியதைக் காட்டில் மாட்டியிருக்கிறார்கள். படம் இருந்தால் மாட்டுகிறவனுக்கு நண்டென்றாவது தெரிந்திருக்கும். படத்தைத்தான் முகங்கள் தின்றுவிட்டனவே. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது பலகைக்குப் போனேன்.

அங்கே நிற்பது காட்டெலுமிச்சை. ஒரு கெடுதலும் செய்யாத சின்ன மரம். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் மூக்கில் அடிக்கும். அதன் முன்னால் நின்ற பலகையில் இருந்தது: "கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் தொடாதீர்கள். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும்."

தில்லை மரத்துக்கு நான் எழுதியது. சிதம்பரத்துக்கே பேர் கொடுத்த தில்லை. சதுப்பில் வளரும். இலையைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் சொல்ல வேண்டாம்.

அந்தப் பலகையை மறுபடி படித்தேன். பிறகுதான் அடுத்த பாதி புரிந்தது.  இது இங்கே இருந்தால், காட்டெலுமிச்சைக்கு எழுதியது அங்கே இருக்கும். நான் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: "முன்னால் நிற்கும் இந்தச் செடியின் இலை ஒன்றைக் கிள்ளி, நன்றாகக் கசக்கி, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள்."

செல்வகுமாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "அந்த இலைப் பலகையை உடனே இறக்கச் சொல்லுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், "மீட்டிங்ல இருக்கேன் மேடம், ரெண்டும் காடுதானே, அப்புறம் மாத்திக்கலாம்" என்று வைத்துவிட்டார். கழியில் படகு ஓட்டும் அஞ்சலைக்குப் போட்டேன். கழிக்குள் இருந்தால் அவள் போன் கிடைக்காது. கிடைக்கவில்லை.

சிதம்பரத்துக்கு நேர் பஸ் கிளம்பிப் போயிருந்தது. வடலூர் போய் மாற வேண்டும். அன்று பார்த்து மாதப் பூசம். ஜோதி தரிசனத்துக்குச் சபைக்குப் போகிற கூட்டம் ரோட்டை நிறைத்திருந்தது; பஸ் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தன் மடியிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, "சாப்புடும்மா, மொகமே வாடிப் போச்சு" என்று நீட்டினார். வேண்டாம் என்று சொன்ன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மாறி ஏறிய பஸ்ஸின் டயர் சேத்தியாத்தோப்பு தாண்டி வெடித்தது. ரோட்டோரம் நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மணி அடித்தது. அஞ்சலை.

"அக்கா, எங்க இருக்கீங்க? போர்டு மாட்ட வந்த ஆளு ஒருத்தரு எலையக் கிள்ளிக் கண்ணுல பட்டுருச்சு. சிதம்பரத்துல ஆஸ்பத்திரில சேத்துருக்கோம்."

 அவளே தொடர்ந்து சொன்னாள்: "படகுல இருந்து கத்துனேங்க்கா. தொடாத, தொடாதனு. அவுரு ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கேக்கல."

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. அவர் பேர் அந்தோணி. மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கண்ணிலும் கட்டு. கட்டுக்கு வெளியே கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஸ்டெல்லா, கையில் ஒரு டம்ளரைப் பிடித்தபடி.

நான் யார் என்று சொன்னேன். ஸ்டெல்லா எழுந்தாள்.

"கீழ பேரு போட்டிருந்துச்சாமே. எழுத்தும் ஓவியமும்னு. அது நீங்கதானா?"

"நான்தான்."

"எழுத்து படிச்சவங்கதானே நீங்க? வெசத்தப் போயி மோந்து பாக்கச் சொல்லி எழுதுவீங்களா?"

இடம் மாறிவிட்டது, படத்தை எடுத்துவிட்டார்கள், நான் எழுதியது வேறு மரத்துக்கு என்றெல்லாம் சொல்லலாம். எல்லாம் உண்மை. ஆனால் அவள் பார்வை அந்தோணியின் கண்கட்டை விட்டு நகரவில்லை. பாதிதான் சொன்னேன், நிறுத்திவிட்டேன்.

அந்தோணி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "டிரில் போடும்போது நேரா மூஞ்சிக்கு எதிர்ல எழுத்து இருந்துச்சு மேடம். சும்மா படிச்சேன். சரி, இன்னா வாசனைதான் வருதுனு பாப்பமேன்னு..." கன்னத்து வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாவே கசக்கினேன். நல்லானு போட்டிருந்துச்சுல்ல."

இருபது வருடமாக, யாராவது ஒருவர் நான் எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே செய்து பார்க்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். ஒருவர் செய்து பார்த்திருந்தார்.

டாக்டர் இளம்பெண். "அந்தப் படகுக்கார அம்மா உடனே நல்ல தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவியிருக்காங்க. தேய்க்கவும் விடல. அதனாலதான் இந்த மட்டுல நின்னுச்சு. கருவிழி மேல புண்ணு இருக்கு. ஆறும். முழுசா ஆறுமானு ரெண்டு மூணு வாரம் போனாதான் சொல்ல முடியும்."

குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கேன் முழுவதையும் அஞ்சலை அவர் கண்ணில் ஊற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு மிச்சப் பொழுதெல்லாம் உப்புக் கழியில் தொண்டை காய்ந்து படகு ஓட்டியிருக்கிறாள்.

மறுநாள் காலை சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும் முன்னால் வைத்தார்கள். இந்த ஊர்க் கத்தரிக்காய் கொத்சுக்காகவே வருகிறவர்கள் உண்டு. எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பெயின்ட் கடை திறக்கும்வரை காத்திருந்து சிவப்பிலும் வெள்ளையிலும் எனாமல் டப்பாவும், இரண்டு பிரஷ்ஷும், ஸ்பானரும் வாங்கினேன். இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் கடைப் பெயரில் தில்லை இருக்கிறது. பெயின்ட் கடைக்காரரிடம் தில்லை மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "கேள்விப்பட்டிருக்கேங்க. பாத்ததில்ல," என்றார். அந்த மரம் நிற்பது அவர் கடையிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில்.

அஞ்சலை படகோடு காத்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணவனும் அவளும் மாறி மாறி அந்தப் படகை ஓட்டுகிறார்கள். சவாரி இல்லாத நாளில் நண்டு பிடிக்கிறார்கள். தில்லையை எனக்கு முதலில் காட்டியதும் அவள்தான். "வெறகுக்குக்கூட இத வெட்ட மாட்டோங்க்கா. பொகைலயும் கண்ணு எரியும்" என்று அன்று அவள் சொன்னதைத்தான் நான் பலகையில் எழுதியிருந்தேன்.

தண்ணீர் வடிந்திருந்த நேரம். மரம் அழகாக நின்றது, அதுதான் அதில் கொடுமை. முற்றிய இலைகள் சிவந்து பூப்போலத் தெரிந்தன. எட்டிப் பறிக்கத் தோன்றும் உயரத்தில் ஒரு கிளை. பலகையில் "இயற்கையைத் தொட்டு உணர்வோம்!" என்று தலைப்பு, பக்கத்தில் நான்கு முகங்கள் கும்பிட்டுச் சிரித்தன. ஒருவர் கண்ணைக் கொடுத்த பிறகும் அந்தப் பலகை அப்படியே நின்றுகொண்டிருந்தது. அடுத்த நாள் காலை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரப்போகிறார்கள். அதை இறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்பானர் போல்ட்டுக்குச் சேரவில்லை. முறுக்கி முறுக்கிக் கை வழுக்கியது. அஞ்சலை, "விடுங்க்கா, அழிச்சிடலாம்" என்றாள். முகங்களோடு சேர்த்து முழுப் பலகைக்கும் வெள்ளை அடித்தேன். வெயிலில் சீக்கிரம் காய்ந்தது. அதன்மேல் சிவப்பில் எழுதினேன்: "இது தில்லை. தொடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் பார்வை போகும்." கீழே ஒரு கண்ணை வரைந்து அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. எழுத்துத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும். எழுதும்போதே என் தப்பும் எனக்குத் தெரிந்தது. "முன்னால் நிற்கும் இந்தச் செடி" என்று எழுதினேனே, பலகை இடம் மாறினால் "இந்த" எந்தச் செடி? பேரை அந்த வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். தலைப்பையும் படத்தையும் நம்பிவிட்டேன். செல்வகுமார்மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு என்மேலும் திரும்பியது. அதனால் அவர்மேல் இருந்தது குறைந்துவிடவில்லை.

மூன்றாம் நாள். பந்தல், மைக், மாலை. செல்வகுமாரை முதல்முறையாக நேரில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. படகிலிருந்து பலகையைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"இன்னா மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? மூஞ்சியெல்லாம் அழிச்சிருக்கீங்க. அவுங்க வர்ற நேரம் இது!"

"அந்தோணிக்குக் கண் தெரியலை. தெரியுங்களா உங்களுக்கு?"

"அது ஆக்சிடென்ட் மேடம். வேலைல நடக்கிறதுதான். அதுக்குன்னு பார்வை போகும்னு செவப்புல எழுதினா எவன் வருவான் இங்க?"

"நான் வரைஞ்ச மரத்தை எடுத்துட்டு மூஞ்சி போடச் சொன்னது யாருங்க?"

"எடம் பத்தல மேடம்."

இடம் பத்தவில்லை. நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்பது முழுசாக நினைவில்லை. கோயம்புத்தூர்க்காரி மரியாதை போட்டுத்தான் திட்டுவாள் என்று பிறகு அஞ்சலை சொல்லிச் சிரித்தாள். ஒவ்வொரு வசவுக்கும் பின்னால் "ங்க" போட்டேனாம்.

சத்தம் கேட்டுத் துறை அதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. பலகையைப் படித்தார். "யார் இதை எழுதினது?"

"நான்."

"அரசாங்கப் பலகைய அழிச்சிட்டாங்க மேடம்," என்றார் செல்வகுமார்.

அஞ்சலை படகை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்து வந்தாள். "கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தரு ஆஸ்பத்திரில கெடக்குறாரு. இந்த போர்டு சொன்னதச் செஞ்சதாலதான். அத யாரும் ஒங்களுக்குச் சொல்லலையா மேடம்?"

அதிகாரி செல்வகுமாரைப் பார்த்தார். அவர் பந்தலில் இருந்த பூமாலைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொல்லியிருக்கவில்லை.

"செவப்பு எழுத்த அழிச்சா எங்க படகு ஒண்ணும் கெளம்பாது," என்றாள் அஞ்சலை. அவளுக்குப் பின்னால் ஐந்தாறு படகுக்காரர்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சிவப்புப் பலகை நின்றது. மற்ற ஆறையும் அதிகாரி அப்போதே துணி போட்டு மூடச் சொன்னார். புதர்க்காட்டுக்கும் போன் போய்விட்டது. விழா பந்தலோடு முடிந்தது. பிள்ளைகளைக் கரையோரம் மட்டும் கூட்டிப் போனார்கள். எல்லாப் பலகையும் என் படங்களோடு மறுபடி அச்சாகும், முகங்கள் கிடையாது, அந்தோணியின் வைத்தியத்துக்கு செல்வகுமார்தான் பொறுப்பு என்று அதிகாரி என் முன்னாலேயே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க மாட்டும்போது கூட இருந்திருக்கணும். வரைஞ்சு அனுப்பிட்டா வேலை முடிஞ்சிடுச்சா?"

பதிலுக்குக் கத்தலாம் என்றுதான் தோன்றியது. மாட்டும்போது என்னைக் கூப்பிடாதது அவர்கள். கூப்பிடாமலே போயிருக்க வேண்டியது நான்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தேன், இந்த முறை மாட்டும்போது கூட நிற்க. பலகைகளை மாட்ட அந்தோணிதான் வேண்டும் என்று கேட்டிருந்தேன். வருவார் என்று நம்பவில்லை. புதர்க்காட்டு வாசலில் டிரில்லோடு நின்றிருந்தார். இடது கண் சரியாகிவிட்டது. வலது கண் வெயிலில் இன்னும் கூசுகிறது, தூரத்தில் இருப்பது மங்கல் என்றார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஸ்டெல்லா போக வேண்டாம் என்றாளாம். "வேற யாராச்சும் மாட்டுனா மறுபடி மாத்திப்புடுவான்னு சொல்லிட்டு வந்தேங்க்கா."

மயில் பலகை மாட்டினோம். மூன்றாவதாகக் காட்டெலுமிச்சை. இப்போது மரத்தின் பேர் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. இலையும் முள்ளும் காயும் பெரிதாக வரைந்திருந்தேன். அவர் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். படத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு பலகையைக் கீழே வைத்துவிட்டார்.

"மொதல்ல நீங்க கிள்ளுங்க."

கிள்ளினேன். கசக்கினேன். மூக்கில் வைத்து முகர்ந்தேன். கையைக் கன்னத்திலும் தேய்த்துக்கொண்டேன். எலுமிச்சை வாசம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நின்றது. அவர் இரண்டடி தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரம் ஆவட்டும்."

அப்படியே இருந்தோம். கால் மணி நேரம் இருக்கும். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. கடைசியில் எழுந்து டிரில்லை எடுத்தார்.

"முகர்ந்து பாக்கறீங்களா?" என்று கையை நீட்டினேன்.

"வேணாங்க்கா. போர்டு நல்லாத்தான் இருக்கு. மத்தவங்க படிக்கட்டும். எழுதியிருக்குன்னு இனிமே நான் ஒரு எலையயும் தொட மாட்டேன்."

 இலையைக் கீழே போட்டுவிட்டு, அவர் துளை போடும்வரை பலகை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.